மோல்டு காய்ந்துவிட்டதா?

“ஏனுங் மேஸ்திரி, மோல்டு காஞ்சுருச்சுங்களா?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“அஞ்சு நாளாச்சுங். வெயிலு இந்தப் போடு போடுது. காயாம என்னங் பண்ணும்? நாளைக்குக் காலையில முட்டைப் பிரிச்சுப்போடலாமுங்” என்றார் மேஸ்திரி.

பாண்டுச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த சித்தாள் அம்மாள் மட்டும் மெல்லச் சொன்னார்: “காலையில எட்டுக் குடம் ஊத்துனனுங்கண்ணா. ஊத்த ஊத்தக் குடிச்சுப்போடுதுங்.”

சென்ற கோடையில் குன்னத்தூரில், பனியன் கம்பெனிக் கொட்டகைகளுக்குப் பின்னாலுள்ள சந்து ஒன்றில், நாம் காதாரக் கேட்ட பேச்சு இது. அந்த மூவரில் சிமெண்டின் குணத்தைச் சரியாகப் பிடித்தவர் யார்? முதல் போட்டவர் அல்ல. முப்பது ஆண்டு கரணை பிடித்த மேஸ்திரியும் அல்ல. அந்தச் சித்தாள் அம்மாள்தான்! அவர் ஊற்றிய எட்டுக் குடத்தில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது கோடை வெயில்தான் என்பது வேறு. ஆனால் ‘குடிக்கிறது’ என்ற அந்த ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் விஞ்ஞானம். சிமெண்டு காய்ந்து கெட்டியாவதில்லை. குடித்துக் கெட்டியாகிறது.

தோழர்களே, இது வெறும் சொல் வழக்குத் தகராறு அன்று. ‘காய்கிறது’ என்று நினைப்பவன் வெயிலை நம்புகிறான், தண்ணீரை நிறுத்துகிறான், நாளைக் குறைக்கிறான். ‘குடிக்கிறது’ என்று அறிந்தவன் தண்ணீர் கொடுக்கிறான், நாள் கொடுக்கிறான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கட்டடத் தொழிலாளியின் உயிரும், நாளை அந்தக் கூரையின்கீழ் பாய் விரித்துப் படுக்கப்போகும் பனியன் தொழிலாளியின் உயிரும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

மேஸ்திரியை நாம் பழிக்கவில்லை. அவருடைய சொல் அவருடைய பாட்டனாரிடமிருந்து வந்த சொல். பாட்டனார் சுண்ணாம்புக் காரையில் வேலை செய்தவர். சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணல் கூட்டி, அரைத்துப் பூசிய அந்தக் காரை, ஈரம் உலர உலரக் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறியது. காற்றுப்பட வேண்டும், நாள்பட வேண்டும், மெல்லக் காய வேண்டும். அன்று ‘காய்ந்ததா?’ என்று கேட்டது நியாயமான கேள்வி. சுண்ணாம்பு போய்ச் சிமெண்டு வந்தது; கேள்வி மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

இத்தனைக்கும் சிமெண்டு நமக்குப் புதிதா? 1904ஆம் ஆண்டிலேயே சென்னை வண்ணாரப்பேட்டையில் கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்டு செய்து பார்த்தார்கள். நம் கொங்கு நாட்டிலே மதுக்கரையில் 1934 முதல் ஆலை உண்டு. பிறகு சங்ககிரியிலும் வந்தது. ஒரு காலத்தில் மூட்டைக்குப் பெர்மிட் வாங்கத் தாலுகா அலுவலக வாசலில் தவம் கிடந்தோம். 1982இல் பாதிக் கட்டுப்பாடு நீங்கிற்று, 1989இல் முழுதும் நீங்கிற்று. இன்று மூட்டைக்குப் பஞ்சமில்லை. அந்த மூட்டைக்குக் கொடுக்க வேண்டிய நாளுக்குத்தான் பஞ்சம்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். ‘போர்ட்லண்ட் சிமெண்டு’ என்று மூட்டையின்மேல் அச்சடித்திருக்கிறதே, அந்தப் பெயரில் 1824ஆம் ஆண்டு உரிமைப் பட்டயம் வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின் பெரும் பட்டம் பெற்ற பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார். நம் இனத்தவர்! கொத்தனார் கண்ட பொருளின் குணத்தைக் கொத்தனாரே அறியாதிருக்கலாமா என்பதுதான் நம் கேள்வி.

அறிவோம், வாருங்கள்.

சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து 1,450 டிகிரி அளவு சூட்டில் சுட்டால் உருண்டை உருண்டையாகக் கிளிங்கர் கிடைக்கும். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சிமெண்டு. இந்த மாவுக்குள்ளே முக்கியமாக நான்கு சரக்குகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றை நாம் தெரிந்துகொண்டால் போதும். ட்ரைகால்சியம் அலுமினேட் என்று ஒன்று, இது முன்கோபி. தண்ணீர் பட்டதும் கொதித்தெழும். ட்ரைகால்சியம் சிலிகேட் என்று ஒன்று. தொகையிலும் இதுவே பெரிது, முதல் மாதத்து வலுவில் பெரும்பகுதியைத் தருவதும் இதுவே. டைகால்சியம் சிலிகேட் என்று மூன்றாவது. இது நிதானப் பேர்வழி, வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் வேலை செய்யும். ஒரு கூட்டத்திலே சுறுசுறுப்பானவரும் இருப்பர், நின்று நிதானிப்பவரும் இருப்பர், இல்லையா? மூவரும் முடித்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள்.

தண்ணீர் விட்ட முதல் சில நிமிடங்களிலேயே முன்கோபி கிளம்புகிறான். அவனை அப்படியே விட்டால் கலவை சட்டியிலேயே கல்லாகிவிடும். அவன் கையைப் பிடித்து அடக்குவதற்காகத்தான் ஆலையில் ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஜிப்சம் கரைந்து அவனோடு கூடி, மெல்லிய ஊசி ஊசியான படிகமாகி, வேகத்தைத் தணிக்கிறது. பிறகு ஓர் அமைதி. ஒரு மணி, இரண்டு மணி, சில வேளை மூன்று மணி நேரம் உள்ளே பெரிய அசைவில்லை. இந்த அமைதி எதனால் என்பதில் அறிஞர்களுக்குள் நூறாண்டாக நடக்கும் வாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை. வாதம் தீராவிட்டாலும் நமக்கு நட்டமில்லை. ஏனென்றால் கலவையை அள்ளவும், ஏற்றவும், கொட்டவும், குத்தி நிரவவும் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசமே அந்த அமைதிதான். நமது நாட்டுத் தர விதி, சாதாரணச் சிமெண்டு முதல் இறுக்கம் அடைய 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, முழு இறுக்கம் அடைய 10 மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது என்று சொல்லுகிறது.

அமைதி கலைந்தபின் பெரிய சிலிகேட்டு வேலைக்கு இறங்குகிறது. அப்போது ஒவ்வொரு சிமெண்டுத் துகளைச் சுற்றிலும், கண்ணுக்குத் தெரியாத அளவில், பசை போன்ற ஒரு பொருள் முள் முள்ளாக, இதழ் இதழாக வளர்கிறது. இந்தத் துகளின் முள் அடுத்த துகளின் முள்ளைத் தொடுகிறது. தொட்டது பின்னுகிறது. நம்மூர்க்காரருக்கு விளங்கச் சொன்னால், பின்னல் எந்திரத்தில் நூல் கண்ணியோடு கண்ணி மாட்டித் துணியாவது போல. தனி நூலுக்கு என்ன பலம்? கண்ணி மாட்டியபின் அல்லவா துணி! அந்தக் கண்ணிகள் தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முதன்முறையாகத் தொடர்ந்துவிட்ட நிலைக்குத்தான் ‘இறுகிவிட்டது’ என்று பெயர். பத்து மணி நேர வாக்கில் வேலை உச்சத்துக்குப் போகிறது. அந்த நேரம் கனமான தூணையோ அடித்தளத்தையோ தொட்டுப் பாருங்கள்; சூடு தெரியும். அடுப்பு மூட்டியவர் யாருமில்லை. சிமெண்டும் தண்ணீரும் கூடியதால் பிறந்த சூடு அது.

இங்கேதான் நம்மவர் ஏமாறுகிறார்கள். மறுநாள் காலையில் மோல்டின்மேல் நடக்கலாம், செருப்புத் தடம் விழாது. நகத்தால் கீறினால் கீறல் விழாது. ‘ஆகிவிட்டது’ என்கிறார்கள். இறுகுவது வேறு, வலுப்பெறுவது வேறு! கண்ணிகள் தொட்டிருக்கின்றன, இன்னும் நெருங்கவில்லை. நடுவிலே தண்ணீர் நின்ற இடமெல்லாம் துளைகளாக இருக்கின்றன. சிமெண்டு மேலும் தண்ணீரைக் குடித்து, மேலும் பசையை வளர்த்து, அந்தத் துளைகளை அடைத்தால்தான் வலு. உள்ளேயுள்ள ஈரம் குறைந்து, காற்றின் ஈரப்பதக் கணக்கில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இந்த வேலை ஏறத்தாழ நின்றுவிடுகிறது. நின்ற வேலையைப் பிறகு வந்து ஊற்றும் தண்ணீர் முழுமையாக மீட்டுத் தருவதில்லை. வேலை நிறுத்தம் செய்யும் உரிமை சிமெண்டுக்கும் உண்டு போலும்!

தண்ணீர்க் கணக்கு ஒன்று. ஐம்பது கிலோ மூட்டைச் சிமெண்டு முழுதும் மாறிப் பொருளோடு பொருளாகக் கட்டுண்பதற்கு வேண்டிய தண்ணீர் சுமார் பதினோரு, பன்னிரண்டு லிட்டர்தான். பிறக்கும் பசையின் நுண் துளைகளுக்குள் அடைபடும் நீரையும் சேர்த்தால் சுமார் 19 லிட்டர். ஆனால் வேலையிடத்தில் நாம் பார்ப்பது என்ன? கலவை வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று முப்பது லிட்டர், அதற்கும் மேலே! மிஞ்சிய தண்ணீர் நின்ற இடமெல்லாம் பின்னால் ஓட்டை. தேநீர் குடித்து வரும்வரை கிடந்து இறுக ஆரம்பித்த குவியலை மறுபடி தண்ணீர் தெளித்துக் கிளறுவார்கள். மாட்டிய கண்ணியை அறுத்துவிட்டு மறுபடி நெய்யச் சொல்வதற்கு ஒப்பானது அது. உள்ளே வேண்டாதபோது தண்ணீரை அள்ளிக் கொட்டுவார்கள். மறுநாள் முதல் மேலே வேண்டும்போது குடம் எண்ணுவார்கள். இந்த விந்தையை என்னவென்பது!

நம் பக்கத்துக்கென்று ஒரு தனிச் சோதனையும் உண்டு. ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து நம் மேட்டுக்காட்டைத் துடைத்துக்கொண்டு போகிறதே, அந்தக் காற்று. மழை தராது; ஈரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். அப்படிப்பட்ட நாளில் பகல் பதினோரு மணிக்கு மோல்டு போட்டால், இறுகுவதற்கு முன்பே மேல்தோல் வறண்டு மயிரிழை வெடிப்பு ஓடும். ‘சிமெண்டு கெட்ட சிமெண்டு’ என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். கெட்டது சிமெண்டல்ல. விடியற்காலையிலோ மாலையிலோ போடுவதும், நிரவியவுடன் பிளாஸ்டிக் தாளோ நனைத்த சாக்கோ மூடுவதும், இறுகியபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் செய்தால் அந்த வெடிப்புக்குப் பெரும்பாலும் இடமிராது. வயலுக்குத் தண்ணி கட்டத் தெரிந்த கொங்கு நாட்டானுக்கு மோல்டுக்குத் தண்ணி கட்டச் சொல்லித்தர வேண்டுமா?

“எல்லாம் சரி, வெயில் இருந்தால் சீக்கிரம் வலு வருமே?” என்று கேட்கும் விவரமானவரும் உண்டு. உண்மைதான். சூடு ஏறினால் சிமெண்டு வேகமாக வேலை செய்யும். குளிர் வந்தால் தூங்கும். ஆனால் அவசரச் சூட்டில் பின்னிய பின்னல் கோணலாகப் பின்னப்படுகிறது. முதல் நாள்களில் முந்திக்கொண்டாலும் மாதக் கடைசியில் நிதானமாக வளர்ந்ததைவிடப் பின்தங்குகிறது. வெயிலில் தண்ணீரும் இல்லையென்றால் இரண்டும் கெட்டான்.

குளிர் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஐம்பத்தோரு தொழிலாளர் உயிரைக் கொடுத்துப் பாடம் எழுதினார்கள். 1978ஆம் ஆண்டு ஏப்ரல் 27. மேற்கு விர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் மின் நிலையத்துக்குக் குளிர்விப்புக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாளுக்கு ஒரு வளையமாகக் கான்கிரீட் போட்டு ஏறுவது. வேலையாட்கள் நிற்கும் சாரத்தை நேற்றும் முன்நாளும் போட்ட வளையத்திலேயே போல்ட்டு வைத்துப் பூட்டுவது. ஐம்பது மீட்டர் உயரம் ஏறிவிட்டார்கள். முதல்நாள் போட்டது இருபத்தெட்டாவது வளையம். இரவு குளிர் இரவு. காலையில் அந்த வளையத்தை நம்பி அடுத்த வளையத்துக்குக் கான்கிரீட் தூக்கத் தொடங்கினார்கள். கண்ணி மாட்டாத துணியில் கல் மூட்டை வைத்தது போலாயிற்று. வளையம் பிய்ந்து, சாரம் கோபுரத்தைச் சுற்றி உரிந்துகொண்டு விழுந்தது. சாரத்தில் நின்ற ஐம்பத்தோரு பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் அதில் இருந்தனர். அந்நாட்டு அரசின் தர நிறுவனம் ஆராய்ந்து சொன்ன காரணம் ஒன்றே: அந்த இருபத்தெட்டாவது வளையத்துக் கான்கிரீட், சுமை ஏற்றுமளவு வலுப் பெற்றிருக்கவில்லை.

அதற்கு ஐந்தாண்டு முன்னால், 1973 மார்ச் 2ஆம் நாள், விர்ஜீனியாவில் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற ஊரில் அடுக்கு மாடி ஒன்று மேலிருந்து கீழ்வரை கிழிந்து இறங்கிற்று. பதினான்கு தொழிலாளர் மாண்டனர். அங்கே நடந்தது நம் மேஸ்திரி ‘நாளைக்குக் காலையில’ என்று சொன்னாரே, அதுவேதான். இருபத்து மூன்றாம் தளத்தைத் தாங்கிய முட்டுகளை உரிய காலத்துக்கு முன் எடுத்துவிட்டார்கள். மேலே இருபத்து நான்காம் தளத்துக்குக் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தபோது தூண்கள் இளந்தளத்தைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிட்டன.

நம் நாட்டிலும் 2014 ஜூன் 28இல் சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடி சரிந்து 61 பேர் மாண்டதை யாரும் மறக்கவில்லை. அதன் காரணங்களாகக் கட்டடத்தின் அமைப்புக் கோளாறுகள் பேசப்பட்டன. அதையும் இதையும் நாம் கலக்க விரும்பவில்லை. ஆனால் மூன்று இடத்திலும் செத்தவர் யார் என்று மட்டும் பாருங்கள்.

இப்போது குன்னத்தூர் வீட்டுக்கு வருவோம். பதினான்கு அடிக்கு இருபது அடி அறை. ஐந்து அங்குல மோல்டு. அதன் தன் எடை மட்டும் எட்டு டன். இந்த எட்டு டன்னைத் தாங்கிக்கொண்டிருக்கும் சவுக்கு முட்டுகளை எப்போது எடுக்கலாம்? நமது நாட்டுக் கான்கிரீட் விதி, 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, தெளிவாகச் சொல்லுகிறது: சாதாரணச் சிமெண்டாக இருந்து, நாலரை மீட்டர் வரையிலான தளம் என்றால் ஏழு நாள், அதற்கு மேற்பட்ட அகலம் என்றால் பதினான்கு நாள், உத்தரம் ஆறு மீட்டர் வரை பதினான்கு நாள், அதற்கு மேல் இருபத்தொரு நாள். பனியன் கம்பெனிக்கென்று தூணில்லாத நீளக் கூடம் கட்டுகிறார்களே, அந்த உத்தரங்கள் இந்தக் கடைசிக் கணக்கில் வருபவை.

ஆனால் கவனியுங்கள்: சாதாரணச் சிமெண்டாக இருந்தால்! இன்று கடையில் வீட்டு வேலைக்கு வாங்கும் மூட்டை பெரும்பாலும் சாம்பல் கலந்த போசோலானாச் சிமெண்டு. மேட்டூர் அனல் மின் நிலையத்துக் கரிச்சாம்பல் போன்றது அதில் சேர்கிறது. இதைக் கலப்படம் என்று எண்ணிவிடாதீர்கள், நல்ல சிமெண்டுதான். சிமெண்டு வேலை செய்யும்போது உபரியாகப் பிறக்கும் சுண்ணாம்பைச் சாம்பல் பிடித்து அதையும் பசையாக்குகிறது. முடிவில் கான்கிரீட் இன்னும் நெருக்கமாகிறது. ஆனால் அதற்கு நாள் வேண்டும். அந்தச் சிமெண்டுக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச வலு, சதுர சென்டிமீட்டருக்கு மூன்றாம் நாள் சுமார் 163 கிலோ, ஏழாம் நாள் 224, இருபத்தெட்டாம் நாள் 336. மூன்றாம் நாளில் பாதிகூட இல்லை! அதுவும் எப்படிச் சோதித்த கணக்கு? ஆய்வுக்கூடத்திலே, 27 டிகிரி சூட்டிலே, முதல்நாள் அச்சைக் கழற்றியது முதல் உடைக்கும் நேரம்வரை தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே கிடந்த சிறு கட்டியின் கணக்கு. ஆய்வுக்கூடத்துக் கட்டிக்கு இருபத்தெட்டு நாளும் நீராட்டு; குன்னத்தூர் மோல்டுக்கு எட்டுக் குடம்! இரண்டும் ஒரே வலு தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? இத்தகைய சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் தண்ணீர் கொடு, வறண்ட வெப்ப நாட்டில் பதினான்கு நாள் கொடு என்று விதி சொல்லுகிறது. வறண்ட வெப்ப நாடு எது? வேறெங்கும் தேட வேண்டாம், நாம் நிற்கும் இடந்தான்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நொய்யலுக்கு வடக்கே சற்றுத் தள்ளியிருப்பது குன்னத்தூர். நொய்யல் கரைக்கு நேர்ந்த கதி நாடறிந்தது. சாயக் கழிவு ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணறுகளில் உப்பேறி, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும்வரை போயிற்று. உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் என்ன ஆகும் தெரியுமா? சிமெண்டு சீக்கிரம் இறுகும்! குளோரைடு உப்பு சிலிகேட்டை விரட்டி வேலை வாங்கும் குணமுடையது. கான்ட்ராக்டருக்கு மகிழ்ச்சி, ‘பார்த்தாயா, கல்லாட்டம் ஆயிருச்சு’ என்பார். அதே உப்பு உள்ளே கம்பியைத் துருவாக்கித் தின்னும். பத்து, பதினைந்து ஆண்டில் மேற்பூச்சு உதிர்ந்து கம்பி பல்லைக் காட்டும். கம்பி வைத்த கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது விதி. ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்காமல் மோட்டாரைப் போடுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

“விதி பேசலாம். முட்டுக்கும் தகட்டுக்கும் நாள் வாடகை யார் கொடுப்பது?” என்று வீட்டுக்காரர் நம்மைக் கேட்டார். அந்தக் கேள்வியை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அவர் பெரும் பணக்காரர் அல்லர். கட்டிங் மேசையில் இருபதாண்டு நின்று, ஓவர்டைம் பார்த்து, சீட்டுக் கட்டி, மேலே இரண்டு லைன் வீடு போட்டு வாடகை வாங்கலாம் என்று இறங்கியவர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தோழர்கள் குடியேற அறை கேட்டு நிற்கிறார்கள்; ஒரு வாரம் தள்ளினால் ஒரு வார வாடகை போகிறது. மேஸ்திரிக்கோ அதே தகடு அடுத்த ஊர் வேலைக்குப் போயாக வேண்டும். இருவரையும் அழுத்துவது ஒரே கடிகாரம். அது நமக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்தக் கடிகாரத்தைச் சிமெண்டு பார்ப்பதில்லையே! நாள் வாடகையைப் பேரம் பேசலாம், கூலியைப் பேரம் பேசலாம். அந்தச் சிலிகேட்டிடம் பேரம் பேசி வென்றவர் இதுவரை யாருமில்லை. முதலிலேயே மதிப்பீட்டில் முட்டு வாடகை பதினான்கு நாளுக்கு என்று எழுதிவிட்டால், இடையில் இந்தத் தகராறே இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1996இல் கட்டடத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1998இல் மத்திய விதிகள் வந்தன. கான்கிரீட் நன்றாக இறுகியதைப் பொறுப்பான ஆள் பார்வையிட்டுச் சான்று அளித்து, அதைப் பதிவேட்டில் எழுதியபின்பே முட்டைப் பிரிக்கத் தொடங்கலாம் என்று அந்த விதிகளில் இடம்பெற்றது. நல்ல விதி! ஆனால் அந்தச் சட்டம் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்த இடத்துக்குத்தான். குன்னத்தூர்ச் சந்தில் நாலு பேரும் ஒரு மேஸ்திரியும் கட்டும் வீட்டை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அந்தச் சட்டத்தையும் புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் மடக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எந்தப் பெயரில் இருந்தாலும் சட்டப் புத்தகம் சந்துக்குள் தானாக நடந்து வராது. சங்கத் தோழர்தான் அழைத்து வரவேண்டும். மோல்டு போட்ட தேதியையும் பிரிக்க வேண்டிய தேதியையும் உத்தரத்தின்மேல் கரிக்கட்டியால் எழுதி வைக்க எந்த அரசாணையும் தேவையில்லை. எழுதிய தேதிக்கு முன் முட்டில் கை வைக்கச் சொன்னால் மறுக்க, கம்பி கட்டுபவரும் சென்ட்ரிங் ஆளும் கொத்தனாரும் சித்தாளும் ஒன்றாக நின்றால் போதும்.

தண்ணீர் ஊற்றும் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதிப்பீட்டில் மணலுக்குக் கணக்கு உண்டு, ஜல்லிக்கு உண்டு, கம்பிக்கு உண்டு. தண்ணீர் ஊற்றும் ஆளுக்கு? காவலுக்குக் குடிசை போட்டிருக்கும் குடும்பத்துப் பெண் ‘சும்மா’ ஊற்றுவார் என்று விட்டுவிடுகிறார்கள். கான்கிரீட்டுக்கு வலு தரும் அந்த வேலைக்குக் கூலிப் பட்டியலில் இடமில்லை! அந்தப் பெண்களின் கையையும் காலையும் பாருங்கள். சிமெண்டுப் பாலில் பிறக்கும் சுண்ணாம்பின் காரம் தோலை அரித்து வெடிக்கச் செய்கிறது. ரப்பர்க் கையுறையும் பூட்சும் மூட்டைச் சிமெண்டைவிட விலை கூடவா?

அந்த வீட்டில் பிறகு என்ன ஆயிற்று? நாம் நீண்ட நேரம் பேசினோம். மூட்டையின் வாயைப் பிரித்துப் பார்த்தோம். சாம்பல் சேர்ந்த சிமெண்டுதான். மேஸ்திரி முதலில் முறைத்தார். பிறகு, பாட்டனார் காலத்துச் சுண்ணாம்புக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் விரல்விட்டு எண்ணி, “சரிங், பதினாலு நாளு இருக்கட்டுங்” என்றார். மேஸ்திரி அடுப்புக் கரியால் உத்தரத்தின் பக்கத்தில் தேதியை எழுதினார். பாத்தி கட்ட மண் எடுத்துவரச் சொன்னார்.

அப்போது அந்தச் சித்தாள் அம்மாள் எழுந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “பதினாலு நாளும் நாந்தானுங்க தண்ணி ஊத்தோணும்? அதுக்குக் கூலி எவ்வளவுங் போடுவீங்?” என்று கேட்டார்.

வீட்டுக்காரர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வீட்டுக்காரரைப் பார்த்தார். நாம் அங்கிருந்து புறப்பட்ட மாலை ஆறு மணிவரை அந்தக் கணக்கு முடிவாகவில்லை.